டிசைன் படிக்க ஆசையா? செப்டம்பரிலேயே கிளம்புங்கள்

சென்னை வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் நின்றால் கண்ணில் படுவதெல்லாம் பல் மருத்துவ, பொறியியல் கல்லூரிகள்தான். அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை தாண்டிப் பெரியமேடு வரை போனால் இன்னொரு கல்லூரி இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி இங்கே முதல்வராக இருந்தவர். நடிகர் சிவகுமார் சினிமாவுக்கு வருமுன் ஓவியம் படித்ததும் இங்கேதான்.

நன்றாக வரையும் பிள்ளைகள் நம் பகுதியில் நிறைய. அவர்கள் கோட்டைவிடுவது தேதியில். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது; அதற்குப் பிறகுதான் வீட்டில் பேச்சே தொடங்குகிறது. அதற்குள் தேசிய அளவிலான டிசைன் கல்லூரிகளின் விண்ணப்பம், தேர்வு இரண்டும் முடிந்திருக்கும். ஐஐடிகளில் பி.டெஸ். என்ற டிசைன் இளங்கலைப் படிப்பில் சேர்வதற்கான 'யூசீட்' தேர்வுக்கு வழக்கமாக அக்டோபரில் பதிவு, ஜனவரியில் தேர்வு. தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி. இரண்டுக்கும் ஏறக்குறைய அதே பருவம்தான். ஆகவே பிளஸ் டூ காலாண்டுத் தேர்வு நடக்கும்போதே மூன்றின் இணையதளங்களையும் திறந்து அந்த ஆண்டின் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசல்ட்டுக்குப் பிறகும் விண்ணப்பிக்க முடிவது பெரியமேடு, கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும்தான். சிற்பத்தில் மனம் போகிறவர்களுக்கு மாமல்லபுரத்து அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது.

எதற்கு விண்ணப்பிப்பது? பி.எஃப்.ஏ. என்ற கவின்கலை இளங்கலை நான்கு ஆண்டு. ஓவியம், சிற்பம், பானைக்கலை, துணி வடிவமைப்பு, விஷுவல் கம்யூனிகேஷன் என்று கையும் பொருளும் சேர்ந்த படிப்பு. பி.டெஸ். படிப்பில் கேள்வியே வேறு: யாருக்காகச் செய்கிறோம், அவருக்கு என்ன தொல்லை, அதை எப்படித் தீர்ப்பது. நாற்காலியோ, மொபைல் செயலியோ, மருந்து டப்பாவோ, எதுவாகவும் இருக்கலாம். தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் வரைவதுதான் உங்கள் சுகம் என்றால் பி.எஃப்.ஏ. பாருங்கள். வீட்டு மிக்ஸியின் மூடி ஏன் இப்படி அடம்பிடிக்கிறது என்று எரிச்சல்படுகிற ஆள் என்றால் பி.டெஸ். கட்டடக்கலை தனிக் கணக்கு: ஐந்தாண்டு, 'நாட்டா' தேர்வு, பிளஸ் டூவில் கணிதம். ஆனால் அங்கிருந்தும் டிசைனுக்கு வழி உண்டு. 2010-ல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை முடித்துவிட்டு மும்பை ஐஐடியில் டிசைன் படித்தவர்.

யூசீட்டில் மொத்தம் 300 மதிப்பெண். அதில் கையால் வரைவதற்கு 100தான். மீதி 200 கணினியில்: வடிவங்களைத் திருப்பிப் பார்ப்பது, தர்க்கம், உற்றுநோக்கல், பொது அறிவு. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு முறை மட்டுமே எழுதலாம் என்பதால், சும்மா எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். நிஃப்ட் பி.டெஸ்.ஸுக்குப் படைப்புத்திறன் தாள், பொதுத்திறன் தாள், பிறகு கொடுக்கிற பொருள்களை வைத்து ஒரு மாதிரியை அங்கேயே செய்துகாட்டும் தேர்வு. நிஃப்டின் சென்னை வளாகம் தரமணியில் இருப்பதால் வீட்டிலிருந்தே போய்வரலாம். கேள்விகள் தமிழில் வராது. தமிழ் வழி மாணவர்கள் பழைய தாள்களை இப்போதே போட்டுப் பார்ப்பது நல்லது. யூசீட் தாள்கள் அதன் தளத்திலேயே இலவசம்.

இனி வரைவது. பெரிய தொகை கட்டிக் கோச்சிங் போவதைவிட முப்பது ரூபாய் நோட்டுப் புத்தகமும் ஒரு 2பி பென்சிலும் மேல் என்பது என் கட்சி. போனில் பார்த்த கண்ணையும் சிங்கத்தையும் நிழல் தட்டிக் காப்பியடிப்பதை நிறுத்துங்கள். அது தேர்வில் கைகொடுக்காது. கேள்வி இப்படி வரும்: நெரிசலான பஸ்ஸில் கடைசி சீட்டுச் சிறுவனுக்கு முன்னால் தெரிவதை வரைக. அதற்கு முதுகுகளும் கம்பியைப் பிடித்த கைகளும் தெரிந்திருக்க வேண்டும்.

டீக்கடைக் கண்ணாடி கிளாஸிலிருந்து தொடங்குங்கள். மேஜைமேல் வைத்து, சற்று மேலிருந்து பாருங்கள். வாய் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும், அதைச் சரியாகவே வரைவீர்கள். அடிப்பாகம்தான் சிக்கல். மேஜை தட்டை என்பதால் பலரும் அதை நேர்கோடாக இழுத்துவிடுவார்கள். உண்மையில் கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக வளைவு கூடும். அடி வளைவு வாய் வளைவைவிடப் புடைத்திருக்கும். இந்த ஒன்று கைவந்தால் குடம், டயர், தண்ணீர் டிரம் எல்லாம் வரும். பிறகு டீ மாஸ்டரின் கை, திருவேற்காடு கோயில் வாசலில் பூக்கட்டும் விரல்கள் என்று போகலாம். ஒரு கைக்கு அரை நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். தப்பானால் அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொன்று போடுங்கள்.

காகித வேலைகளில் ஒன்று முக்கியம். மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்ற சான்று வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைவது கொடுமை.

செலவு விஷயத்தில் அரசுக் கவின்கலைக் கல்லூரிக்கும் நிஃப்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நிஃப்டில் நான்காண்டுக்கு லட்சக்கணக்கில் ஆகும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, மறக்காதீர்கள்.

"படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று அப்பா கேட்டால் கோபப்படாதீர்கள். கரூர் வீட்டுத் துணிகளுக்கும் சிவகாசி அட்டைப் பெட்டிகளுக்கும் ஓ.எம்.ஆர். மென்பொருள் திரைகளுக்கும் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டுதான் வடிவம் தருகிறார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் ஏசி அரங்கத்தைப் பார்த்து மயங்காமல், கடைசி ஆண்டு மாணவர்களின் வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். பட்டறைக்குள் போய் இயந்திரங்கள் ஓடிய அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்பதையும் கேளுங்கள். மழுப்பினால், முன்பணம் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.