வார்டில் காய்ச்சல்: தம்பியை அழைத்து வந்துவிடலாமா?

கேள்வி: மதுரையில் மனநல வார்டில் தம்பியைச் சேர்த்திருக்கிறோம். அங்கே பலருக்குக் காய்ச்சலாம். கூட்டி வந்துவிடலாமா? (ஒரு வாசகி, மேலூர்)

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. மனநல வார்டில் யாரும் படுத்தே கிடப்பதில்லை. சேர்ந்து சாப்பிடுவார்கள், ஒரே டிவி முன் உட்கார்வார்கள். தென்கொரியாவின் சொங்டோவில் 2020 பிப்ரவரியில், ஒரு மூடிய மனநல வார்டில் இருந்த சுமார் 100 பேரில் ஏறக்குறைய எல்லோருக்குமே கோவிட் தொற்றியது.

மருத்துவரிடம் முதலில் மாத்திரைகளைப் பற்றிக் கேளுங்கள். குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்தத்தில் வெள்ளையணுக்களைப் பார்க்க வேண்டும். அந்த மருந்தே அவற்றைக் குறைக்கக்கூடும். லித்தியம் என்றால் வயிற்றுப்போக்குதான் ஆபத்து. உடம்பில் நீர் வற்றினால் மருந்து ரத்தத்தில் ஏறி நஞ்சாகும். மதுரை வெயிலில் சொல்லவே வேண்டாம். கடையில் இபுப்ரோஃபென் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் லித்தியத்தை ஏற்றும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

காய்ச்சல்காரர்களைத் தனிப் பகுதியில் வைப்பது சரி. அதைச் சாக்காக வைத்து ஒருவரைத் தனியறையில் அடைத்துப் பூட்ட 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தரவில்லை. சானிடைசர் பாட்டில் கொண்டு போகாதீர்கள், சிலர் குடித்துவிடுவார்கள், சோப்பு போதும். பார்வையாளர் நேரத்தை நிறுத்தியிருந்தால், தினம் ஒரு முறை போனில் பேச ஏற்பாடு கேளுங்கள்.