நீச்சல் குளமும் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவியும்

தெளிவாக இருக்கும் நீரெல்லாம் தூய்மையான நீர் ஆகிவிடாது. நீச்சல் குளத்தின் அடியில் பதித்த ஓடுகள் ஒவ்வொன்றும் நம் கண்ணுக்குத் தெரியலாம். ஆனால், அந்த நீரில் கிருமிகள் இருப்பது தெரியாது. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஸ்விம்சேஃபர்’ திட்டத்தின்வழி தொடக்கப்பள்ளி மாணவர்கள் பலர் நீந்தக் கற்றுக்கொள்கின்றனர். அவர்களைப் போன்றோர் இறங்கும் நீரைக் கவனித்துக்கொள்ள, இன்று பல குளங்களில் ஒரு தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி பயன்படுத்தப்படுகிறது. பம்பு அறையின் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் அந்தச் சிறு பெட்டி எவ்வாறு வேலை செய்கிறது? அதை நம்பி மனிதர் ஓய்ந்திருக்கலாமா?

கருவி ஏன் தேவை?

நீச்சல் குளத்தில் கிருமிகளை அழிக்கப் பெரும்பாலும் குளோரின் பயன்படுகிறது. 25 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் சராசரியாக 1.2 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 360,000 லிட்டர் நீர் இருக்கும். ஒவ்வொரு லிட்டரிலும் 1 மில்லிகிராம் குளோரின் கூட வேண்டுமானால், மொத்தம் 360 கிராம் குளோரின் சேர்த்தால் போதும். இவ்வளவு பெரிய குளத்திற்கு இவ்வளவு சிறிய அளவுதான். அதனால், கொஞ்சம் குறைந்தாலும் கிருமிகள் பெருகும்; கொஞ்சம் கூடினாலும் கண் எரியும், தோல் அரிக்கும்.

இந்த அளவு ஒரே நிலையில் நிற்பதும் இல்லை. நண்பகல் வெயில் குளோரினை விரைவாகச் சிதைக்கிறது. நீந்துவோரின் வியர்வையும் அவர்கள் உடலில் பூசிய களிம்பும் குளோரினைச் செலவழிக்கின்றன. பெருமழை நீரின் தன்மையை மாற்றுகிறது. நம் வட்டாரத்தில் இவை மூன்றும் ஒரே நாளில் நடக்கக்கூடியவை. காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அளந்து பார்ப்பவரால், இடைப்பட்ட நேரத்தில் நடக்கும் மாற்றங்களை அறிய முடியாது. கருவியோ ஓய்வின்றி அளந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு மின்முனைகள்

குளத்து நீரில் ஒரு சிறு பகுதி மெல்லிய குழாய்வழி ஒரு கண்ணாடிக் கிண்ணத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. அதில் இரண்டு மின்முனைகள் மூழ்கியிருக்கும்.

முதல் மின்முனை நீரின் பிஎச் அளவைக் காட்டுகிறது. நீர் அமிலத்தன்மை உடையதா, காரத்தன்மை உடையதா என்பதைக் குறிக்கும் இந்த அளவுமுறையை 1909ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் சோரன்சன் அறிமுகப்படுத்தினார். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். குளோரின் பயன்படுத்தும் குளங்களில் பிஎச் அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. நீரில் கலந்த குளோரின் இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் வடிவமே கிருமிகளை விரைவாகக் கொல்லும். பிஎச் அளவு 7.2 ஆக இருக்கும்போது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குளோரின் அந்த வடிவத்தில் இருக்கும். பிஎச் அளவு 8 ஆக உயர்ந்தால், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மட்டுமே அவ்வாறு இருக்கும். குளோரினின் அளவு மாறாவிட்டாலும் அதன் வலிமை குறைந்துவிடும்.

இரண்டாவது மின்முனை அந்த வலிமையையே அளக்கிறது. கிருமிகளை அழிக்கும் ஆற்றல் நீருக்கு எவ்வளவு உள்ளது என்பதை அது மில்லிவோல்ட் கணக்கில் காட்டும். இதனை ‘ஓஆர்பி’ அளவு என்பர். பல குளங்களில் இது 650 முதல் 750 மில்லிவோல்ட்டுக்குள் வைக்கப்படுகிறது.

கருவி எடுக்கும் முடிவு

குளத்தைப் பராமரிப்பவர் இலக்கு அளவுகளைக் கருவியில் பதிவு செய்கிறார். பிஎச் 7.4 என்றும் ஓஆர்பி 700 என்றும் பதிவு செய்ததாகக் கொள்வோம். ஓஆர்பி அளவு 700க்குக் கீழே இறங்கினால், கருவி ஒரு சிறு பம்பை இயக்கித் திரவக் குளோரினைச் செலுத்தும். இலக்கை நெருங்க நெருங்கப் பம்பின் வேகத்தைக் குறைக்கும். திரவக் குளோரின் காரத்தன்மை கொண்டது. ஆதலால், அதைச் சேர்க்கும்போது பிஎச் அளவு மெல்ல உயரும். அப்போது கருவி மற்றொரு பம்பை இயக்கி, சிறிதளவு அமிலத்தைச் செலுத்தும். இவ்வாறு இரண்டையும் அது சமநிலையில் வைத்திருக்கிறது.

கருவி ஏமாறும் நேரம்

கருவிக்குக் குளம் தெரியாது. கிண்ணத்தில் உள்ள நீர் மட்டுமே தெரியும். அந்த நீரைக் கொண்டுவரும் குழாய் அடைபட்டுவிட்டால் என்ன ஆகும்? கிண்ணத்தில் தேங்கிய நீரில் குளோரின் படிப்படியாகக் குறையும். ‘குளத்தில் குளோரின் இல்லை’ என்று கருவி முடிவு செய்யும். பம்பை நிறுத்தாமல் ஓட்டும். குளத்திலோ குளோரின் அளவுக்கு மீறிச் சேர்ந்துகொண்டிருக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சல்லவா?

மின்முனையில் எண்ணெய்ப் பசை படிந்தாலும், அது பழுதடைந்தாலும் இதே நிலைதான். உண்மையில் 7.4 ஆக உள்ள பிஎச் அளவை மின்முனை 8 என்று காட்டினால், கருவி அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். கருவி தன் கடமையைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்குக் கிடைத்த தகவல்தான் தவறு.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. திரவக் குளோரினும் அமிலமும் நேரடியாகக் கலந்தால் குளோரின் வாயு உண்டாகும். 1915ஆம் ஆண்டு, முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட நச்சு வாயு அது. குளத்து நீரைச் சுழற்றும் பெரிய பம்பு நின்றபிறகும் இரசாயனப் பம்புகள் ஓடினால், இரண்டும் குழாய்க்குள் சந்திக்கும். பெரிய பம்பு மீண்டும் ஓடத் தொடங்கியதும் அந்த வாயு நீரோடு சேர்ந்து குளத்திற்குள் பாயும். இதனால்தான் நீரோட்டத்தைக் கண்காணிக்கும் உணரி ஒன்று கருவியுடன் இணைக்கப்படுகிறது. நீரோட்டம் நின்றால் இரசாயனப் பம்புகளும் உடனே நின்றுவிட வேண்டும். அந்த உணரியைத் துண்டித்துவிட்டுக் கருவியை இயக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

பராமரிப்பவரின் கடமை

ஆகவே, நல்ல பராமரிப்பாளர் காலையில் குளத்தைத் திறப்பதற்கு முன் பின்வருமாறு செய்வார்:

1. பெரிய பம்பு ஓடுகிறதா, கிண்ணத்தில் நீர் ஓடுகிறதா என்று பார்ப்பார்.

2. நீர் உள்ளே வரும் துளைகளுக்கு அருகில் அல்லாமல் வேறோர் இடத்தில், முழங்கை ஆழத்திலிருந்து நீரை எடுப்பார். அதில் சோதனை மாத்திரையைக் கரைத்து, தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தைக் கொண்டு குளோரின் அளவை அறிவார். பிஎச் அளவையும் தனியே சோதிப்பார்.

3. தாம் கண்ட பிஎச் அளவைக் கருவி காட்டும் அளவோடு ஒப்பிடுவார். ஓஆர்பி அளவும் குளோரின் அளவும் முந்தைய நாள்களைப் போலப் பொருந்தி வருகின்றனவா என்றும் பார்ப்பார்.

4. வேறுபாடு பெரிதாக இருந்தால், அவசரப்பட்டு இலக்கு அளவை மாற்றமாட்டார். முதலில் குழாயையும் மின்முனையையும் தூய்மை செய்வார். பிறகு, பிஎச் அளவு முன்பே தெரிந்த கரைசல்களில் அந்த மின்முனையை வைத்து அளவைத் திருத்துவார்.

5. கண்ட அளவுகளையும் செய்த வேலைகளையும் குறிப்பேட்டில் எழுதுவார்.

இரசாயனங்களைக் கையாளும்போது அவர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிவார். குளோரினையும் அமிலத்தையும் தனித்தனி இடங்களில் வைப்பார். ஒன்றுக்குப் பயன்படுத்திய வாளியை மற்றொன்றுக்குப் பயன்படுத்தமாட்டார்.

குறிப்பேட்டின் பயன் ஒரு நாளில் தெரிவதில்லை. ஓஆர்பி அளவு மாறாமல் இருந்தும் குளோரின் செலவு நாளுக்கு நாள் கூடுகிறது என்றால், எங்கோ குறை இருக்கிறது என்பதை அந்தக் குறிப்புகளே காட்டிக்கொடுக்கும்.

தானியங்கிக் கருவி மனிதரின் உழைப்பைக் குறைக்கிறது. ஆனால், தான் காட்டும் எண் சரியானதுதானா என்று அது தன்னைத்தானே கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கேள்வியை நாள்தோறும் கேட்க ஒருவர் இருந்தால்தான் குளத்தில் இறங்கும் பிள்ளைகள் பாதுகாப்பாக இருப்பார்கள்.

சிந்தித்து விடையளி

1. குளோரினின் அளவு மாறாதபோதும் அதன் வலிமை குறையக் காரணம் என்ன?

2. ‘கருவிக்குக் குளம் தெரியாது’ என்று கட்டுரையாளர் கூறுவதன் பொருளை விளக்குக.

3. இரசாயனப் பம்புகள் நீரோட்ட உணரியுடன் இணைக்கப்படுவது ஏன்?

4. உன் அன்றாட வாழ்வில் நீ நம்பிப் பயன்படுத்தும் தானியங்கிக் கருவி ஒன்றைக் குறிப்பிடுக. அது தவறான தகவலைத் தந்தால் அதை எவ்வாறு கண்டறிவாய்?