வண்ணக் கனசதுரமும் அவதானக் கலையும்

'ரூபிக் கியூப்' என வழங்கும் ஆறுவண்ணக் கனசதுரம் நம் மாணவர்தம் கைகளிலும் சுழன்று வருதலைக் காண்கிறோம். 1974ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுக் கட்டடக்கலை ஆசிரியர் எர்னோ ரூபிக் உருவாக்கியது அது. 1982இல் புடாபெஸ்ட் நகரில் நிகழ்ந்த முதல் உலகப் போட்டியில் வென்றவர் 22.95 நொடி கொண்டார். இன்று நான்கு நொடிக்குள் முடிப்போரும் உளர்.

பாகூரிலிருந்து வரும் நம் மாணவர் ஒருவர் சூத்திரங்களை ஏடு நிறைய எழுதி மனனம் செய்திருந்தார். விரலும் விரைந்தே ஓடியது. எனினும் மூன்று நிமிடத்திற்குக் குறையவில்லை. "இதெல்லாம் நகரத்துப் பிள்ளைகளுக்கே வரும், ஐயா" என்று கூறி, அதனை எம் மேசைமீது வைத்துவிட்டார். அச்சொல் எம்மை வருத்தியது. மீண்டும் ஒருமுறை செய்யச் சொல்லி உற்று நோக்கினோம்.

குறை விரலில் இல்லை. ஒரு சூத்திரம் முடிந்ததும் கை நின்றுவிடும். அடுத்த துண்டு எங்குளது எனத் திருப்பித் திருப்பித் தேடுவார். காலத்தின் பெரும்பகுதி அத்தேடலிலேயே கழிந்தது.

ஈண்டு அவதானக் கலை நினைவிற்கு வருகிறது. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். நூறு செயல்களில் ஒருங்கே கருத்திருத்துதல் அது. கனசதுரம் வேண்டுவதோ இரண்டே: கை ஒன்றை முடிக்கையில் கண் அடுத்ததைக் கண்டிருத்தல் வேண்டும். (பாவலர் கேட்டிருப்பின் நகைத்திருப்பார்!)

இதற்குக் கை தானே இயங்கப் பழகவேண்டும். வலப்பக்கத்தை மேலே, மேற்றளத்தின் முன்வரிசையை இடப்புறம், வலப்பக்கத்தைக் கீழே, அம்முன்வரிசையை வலப்புறம் எனக் கால் சுற்றாக நான்கு திருப்பம். இதனை ஆறு முறை செய்யின் கனசதுரம் தொடங்கிய நிலைக்கே மீளும். ஆகவே கண்மூடியும் பழகலாம். அசை பிரித்து விரலெண்ணும்வரை வெண்பா நகராது. ஓசை வசப்பட்ட பின்னரே கருத்துப் பொருளிற் செல்லும். அதுவே இங்கும்.

வெள்ளைக் கூட்டற்குறியை மேலே அமைத்துப் பின் கவிழ்ப்பது தொடக்கநிலையினர் வழக்கம். அதனைக் கீழ்த்தளத்திலேயே அமைப்பின் கவிழ்க்கும் நேரம் மிஞ்சும். எஞ்சிய துண்டுகளும் கண்முன் நிற்கும். எந்நிலையிலும் இதற்கு எட்டுத் திருப்பங்களுக்கு மேல் வேண்டுவதில்லை. போட்டிகளில் முன்னரே பார்த்துக்கொள்ள 15 நொடி தருவதும் இத்திட்டமிடலுக்கே பயன்படுகிறது. நடுத்துண்டுகள் இடம் மாறா. வெள்ளைக்கு எதிர் மஞ்சள், நீலத்திற்கு எதிர் பச்சை, சிவப்பிற்கு எதிர் ஆரஞ்சு. இதை மனத்திற் கொண்டவர் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டுவதில்லை.

பின்னர் அம்மாணவரிடம் ஒன்றே வேண்டினோம்: பாதி வேகத்தில் திருப்புக, ஆனால் நிற்றல் கூடாது. முதல் வாரம் நேரம் கூடியது, முகம் வாடினார். நான்காம் வாரம் ஒரு நிமிடம் நாற்பது நொடியில் முடித்தார். நேரங்குறித்த வில்லியனூர் மாணவியும் தமக்கென ஒன்று வாங்கியுள்ளார். யாமோ இன்னும் நான்கு நிமிடத்திலேயே நிற்கிறோம்.