ஒரே நிறம், ஒரே பதம்: சாசேஜுக்கு எந்த ஸ்மோக்கர்?

ஸ்மோக்கர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கறி பிடிக்கும்?" இரண்டாவது, "எவ்வளவு சூடு ஏறும்?" மாட்டு நெஞ்சுக்கறிக்கும் விலாவுக்கும் இந்த இரண்டும் போதும். வீட்டில் சாசேஜ் செய்கிறவர் வேறு இரண்டைக் கேட்க வேண்டும்: எவ்வளவு குறைந்த சூட்டில் ஆடாமல் நிற்கும்? உள்ளே ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் சூடு எவ்வளவு மாறும்?

காரணம் இருக்கிறது. சாசேஜ் என்பது அரைத்த இறைச்சியும் கொழுப்புத் துணுக்குகளும் உப்பில் பிசைந்து ஒட்டிக்கொண்ட ஒரு கலவை. ஸ்மோக்கரின் சூடு 82 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் நின்றால், அந்தக் கொழுப்பு உருகி இறைச்சியைக் கைவிட்டு வெளியேறிவிடும். அப்படிப்பட்ட ஒன்றை நறுக்கிப் பாருங்கள்: மேலுறை சுருங்கியிருக்கும், உறைக்கும் கறிக்கும் நடுவே எண்ணெய் தேங்கியிருக்கும், உள்ளே புட்டு மாதிரி உதிரும். ஒரே ஸ்மோக்கரில் ஒரு வரிசை இப்படியும் அடுத்த வரிசை வேகாமலும் இருந்தால், மசாலாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

முதலில், எந்தச் சாசேஜ்?

டெக்சாஸ் வழி ஒன்று, போலந்து வழி ஒன்று. டெக்சாஸில் எல்ஜினும் லாக்ஹார்ட்டும் சாசேஜுக்குப் பேர்போன ஊர்கள். எல்ஜினின் சவுத்சைடு மார்க்கெட் 1882 முதலும், லாக்ஹார்ட்டின் க்ரூஸ் மார்க்கெட் 1900 முதலும் நடக்கின்றன. அந்தப் பக்கத்துப் பாணியை வீட்டில் செய்கிறவர்கள் கொரகொரப்பாக அரைத்த மாட்டிறைச்சியை 105 முதல் 120 டிகிரியில் வைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேகவைத்துச் சுடச்சுடச் சாப்பிட்டுவிடலாம். கொஞ்சம் கொழுப்பு வடிந்தாலும் அங்கே குறையில்லை.

போலந்தின் கியெல்பாசா வேறு ரகம். 55 டிகிரியில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, 77 டிகிரி வாக்கில் முடிப்பார்கள். அரை நாள் பிடிக்கும். தவிட்டுச் சிவப்பு நிறமும், கடித்தால் 'டக்'கென்று உடையும் உறையும் வேண்டுமானால் இந்த வழிதான்.

இந்த இரண்டாவது வழிக்கு நைட்ரைட் கட்டாயம். மந்தமான சூட்டிலும் காற்றுக் குறைந்த புகையிலும் மணிக்கணக்கில் கிடக்கும் அரைத்த இறைச்சியில் பொட்டுலிசம் நஞ்சைச் சுரக்கும் கிருமி வளர இடமுண்டு. 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் கலந்த உப்பு, 'கியூர் நம்பர் ஒன்' அல்லது 'பிராக் பவுடர் நம்பர் ஒன்' என்ற பெயரில் கிடைக்கும். ஒரு கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம், கரண்டிக் கணக்கு வேண்டாம், சிறு தராசில் நிறுத்துப் போடுங்கள். சாப்பாட்டு உப்போடு கலந்துவிடக் கூடாதென்று அதில் இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். நம் சமையலறை இந்துப்பும் அதே நிறம்தான். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

எந்த வழியானாலும் முடிவு ஒன்றே: பன்றி, மாடு, ஆடு என்றால் சாசேஜின் நடுவில் 71 டிகிரி (160 பாரன்ஹீட்). கோழி, வான்கோழி என்றால் 74 (165 பாரன்ஹீட்).

நான்கு ஸ்மோக்கர்கள்

*மின்சார அலமாரி.* சிறிய குளிர்பெட்டி போன்ற உருவம், தடித்த சுவர், தெர்மோஸ்டாட். 55 டிகிரியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்தும்; தட்டுகளைக் கழற்றிவிட்டுக் குறுக்கே கழி போட்டால் சாசேஜைத் தொங்கவிடலாம். குறை இரண்டு. சூடேற்றும் கம்பி இருக்கும் மூலைக்கு நேர் மேலே சூடு அதிகம். அடுத்தது, சூடு குறைவாக இருக்கும்போது கம்பி அடிக்கடி அணைந்துவிடும். மரச்சில்லு கருகாது, புகையும் வராது. ஓட்டை போட்ட உலோகக் குழாயில் மர உருண்டைகளை நிரப்பி, ஒரு முனையில் பற்றவைத்து உள்ளே வைத்தால் மணிக்கணக்கில் மெல்லப் புகையும். அதற்குப் பிறகு கம்பியின் வேலை சூடு மட்டும்தான்.

*நின்ற கரி உருளை.* வெபர் ஸ்மோக்கி மவுன்டன் இந்த ரகம். அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே கம்பி வலை. புகையின் மணம் அலமாரியைவிட ஒரு படி மேல். உருளை வடிவத்தால் சூடு சுற்றிலும் ஓரளவு சமமாக ஏறும். ஆனால் குறைந்த சூடு உங்கள் கைப்பழக்கத்தைப் பொறுத்தது: பற்றவைத்த தணலை ஒரு கைப்பிடி மட்டும் போட்டு, கீழ்த் துவாரங்களைக் கிட்டத்தட்ட மூடி வைக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: நெஞ்சுக்கறிக்கு உதவும் தண்ணீர், சாசேஜ் உறையைக் காயவிடாது. தண்ணீருக்குப் பதில் மணலை நிரப்பித் தகட்டுத் தாளால் மூடிவிடுங்கள். சூட்டைத் தாங்கிப் பரப்பும், ஈரத்தைக் கூட்டாது.

*பெல்லட் கிரில்.* விசிறி உள்ளே காற்றைச் சுழற்றுவதால் சூட்டின் சமன் நல்லது. பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம். சிக்கல் தொடக்கத்தில்தான். பலவற்றில் மிகக் குறைந்த அளவே 74 அல்லது 82 டிகிரி (165 அல்லது 180 பாரன்ஹீட்). அதற்கு மேலும் கீழும் ஊசலாடும். கியெல்பாசா முடிய வேண்டிய இடத்தில் இது தொடங்குகிறது. உயரமும் போதாது, சாசேஜைப் படுக்கவைக்கத்தான் முடியும்.

*ஆஃப்செட்.* பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி, நடுவே நீளமான தொட்டி, மறுகோடியில் புகைபோக்கி. டெக்சாஸ் பாணிக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நெருப்புப் பெட்டியின் பக்கம் கொதிக்கும், புகைபோக்கியின் பக்கம் தணியும். மலிவான, தகடு மெலிந்த தொட்டியில் இந்த வித்தியாசம் மோசம். விறகு சுத்தமாக எரிய ஓரளவு பெரிய தீ வேண்டும். பெரிய தீ வைத்தால் சூடு 60 டிகிரியில் நிற்காது. தீயை அடக்கினால் வெள்ளைப் புகை கிளம்பி உறையில் கசப்பாகப் படியும். நிதானமான சாசேஜுக்கு இதைப் புதிதாக வாங்காதீர்கள்.

எதை வாங்கினாலும், முதல் நாள் கறி வைக்காமல் காலியாக ஓட்டுங்கள். சாசேஜ் தொங்கும் உயரத்தில் இடம், வலம், பின்சுவர் என மூன்று தெர்மாமீட்டர்களை வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். கதவில் பதித்த முள் காட்டுவது கதவருகே இருக்கும் சூட்டை மட்டுமே.

தொங்கவிடலாமா, படுக்கவைக்கலாமா?

நிறத்துக்குத் தொங்கவிடுவதே சிறந்தது. புகை நான்கு பக்கமும் படும். ஆனால் உயரமான ஸ்மோக்கரில் நீளமான சாசேஜின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் சூடு மாறும். இணைகளைக் குட்டையாகக் கட்டினால் இது குறையும். படுக்கவைத்தால் உயர வித்தியாசம் இல்லை, ஆனால் கம்பி பட்ட இடத்தில் வெளிறிய கோடு விழும். பாதி நேரத்தில் புரட்டி, தட்டின் முன்பின்னையும் மாற்ற வேண்டும். எப்படி வைத்தாலும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்ட இடம் வேகாத தோல் போல வெளுத்தே இருக்கும், பிறகு எத்தனை மணி நேரம் புகை காட்டினாலும் சரியாகாது. ஒரே தடிமனும் முக்கியம். 32-35 மில்லிமீட்டர் பன்றிக்குடல் உறையையும் அதைவிட மெலிந்த ஆட்டுக்குடல் உறையையும் ஒரே சுற்றில் கலந்தால், மெலிந்தவை வெந்த பிறகும் தடித்தவை பாதியில் நிற்கும்.

நிறம் திட்டுத்திட்டாக விழப் பெரும்பாலும் ஸ்மோக்கர் காரணமல்ல, ஈரம்தான். ஈரமான உறையில் புகை கோடுகோடாக வழிந்து கறுக்கும். அதனால் முதல் ஒரு மணி நேரம் புகையே வேண்டாம். 50-55 டிகிரி, துவாரங்கள் முழுக்கத் திறப்பு. பிறகு காகிதத் துணுக்கு ஒன்றை உறைமேல் அழுத்தி எடுங்கள். ஒட்டாமல் வந்தால், விரலுக்கும் உறை காகிதம் போலத் தட்டுப்பட்டால், புகையைத் தொடங்கலாம். பீச், ஆப்பிள், ஓக், ஹிக்கரி எதுவும் நல்லதே. பிசின் வடியும் பைன் மட்டும் வேண்டாம்.

முடிப்பது எங்கே?

நடு வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியதும் முள் நகராமல் நிற்கும். உறையிலிருந்து ஆவியாகும் ஈரம் சூட்டை இழுத்துக்கொள்கிறது. இங்கே பொறுமையிழந்து சூட்டை ஏற்றுகிறவர்கள்தாம் கொழுப்பை வடியவிடுகிறார்கள். ஸ்மோக்கரிலேயே முடிப்பது ஒரு வழி: 77 டிகிரியில் வைத்துக் காத்திருக்க வேண்டும், கொஞ்சம் வறளும். இன்னொரு வழி, வேண்டிய நிறம் வந்ததும் எடுத்து, அடுப்பில் 75-80 டிகிரியில் இருக்கும் தண்ணீரில் முக்கி 71-க்குக் கொண்டுவருவது. தண்ணீருக்கு இடது வலது கிடையாது. எல்லாம் ஒன்றாக, அரை மணி நேரத்துக்குள் வேகும். புகை மணம் சிறிது குறைவதாகத் தோன்றினால், காற்று நீக்கிய பையில் போட்டு முக்குங்கள். என் ஓட்டு தண்ணீருக்கு. கையில் இருக்கும் ஸ்மோக்கர் ஏறுமாறாகச் சுட்டாலும் இந்த வழி காப்பாற்றும்.

வெந்ததும் உடனே பனிநீரில் போட்டு, தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். உறை சுருங்காது. பிறகு ஒரு மணி நேரம் வெளியே தொங்கவிட்டால் நிறம் இன்னும் ஆழமாகும். அதற்குப் பிறகு குளிர்பெட்டி.

யாருக்கு எது?

மாதம் ஒரு முறை நான்கைந்து கிலோ செய்கிறவர், சாசேஜுக்காகவே வாங்குவதானால்: மின்சார அலமாரியும் புகைக்குழாயும். நெஞ்சுக்கறி, சாசேஜ் இரண்டும் வேண்டும் என்கிற, தீயோடு மல்லுக்கட்டத் தயங்காதவர்: கரி உருளை. பெல்லட் கிரில் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறவர்: புதிதாக எதுவும் வாங்காதீர்கள். கிரில்லை அணைத்தே வைத்து, உள்ளே புகைக்குழாயை மட்டும் பற்றவைத்து நிறம் ஏற்றி, தண்ணீரில் முடியுங்கள். ஆஃப்செட் வைத்திருப்பவர்: கியெல்பாசாவை மறந்துவிட்டு டெக்சாஸ் பாணிக்குப் போங்கள், அரை மணிக்கு ஒரு முறை இருகோடிக் கறியையும் இடம் மாற்றினால் போதும். இவற்றில் எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கூரான முனையுள்ள, நடுவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றுக்குப் பணத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை யோசியுங்கள்.