சுவர் ஜிவ்வென்றால் சும்மா விடாதீர்கள்



ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம்ம மேட்டுப்பாளையம் பக்கம் மலையிலிருந்து மேகம் இறங்கிவிடும். ஆனி மாதம் மாலை 6.45 வரை இருக்கும் வெளிச்சம் கார்த்திகையில் 6 மணிக்கு முன்பே போய்விடுகிறது. விடியக்காலையில் வாசல் தெளிக்கவும் லைட் போட வேண்டியிருக்கிறது. சுவர் ஈரமாக இருக்கும் மாதங்களில்தான் நாம் ஸ்விட்சை அதிகம் தொடுகிறோம்.

சிறுமுகை பக்கம் ஒரு குழுக் கூட்டம். கைத்தறி நெய்யும் அக்கா ஒருவர் வீட்டில் நடந்தது. சுவரோரம் உட்காரப் போனேன். "அங்க சாயாதீங்க மேடம், மழை பேஞ்சா சுவரு லேசா ஜிவ்வுங்குமுங்க" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ரெண்டு மூணு வருசமாவே அப்படித்தானுங்க. செருப்பு போட்டுட்டுத்தான் லைட்டு போடுவோமுங்க." யாரும் ஆச்சரியப்படவில்லை. இரண்டு பேர் "எங்கூட்லயும் அப்படித்தானுங்க" என்றார்கள். எனக்குத்தான் பக்கென்றது. அந்தச் சுவர் வழியாகத்தான் தறிக்கு மேலே தொங்கும் பல்புக்கு ஒயர் போகிறது. அக்கா நெய்வது குழித்தறி. கால் இரண்டும் மண்குழிக்குள் இருக்கும்.

நம் வீடுகள் பலவற்றில் இரண்டு பல்புக்காக இழுத்த ஒயர்தான் இன்றும் ஓடுகிறது. 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டி.வி. வந்தது, 2011-க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. எல்லாவற்றையும் அதே ஒயரில் மாட்டினோம். ஒயர் சூடாகிச் சூடாகி மேலுறை வெடிக்கிறது, மிச்சத்தை எலி கடிக்கிறது. வெயில் காலத்தில் காய்ந்த சுவர் காட்டிக்கொடுப்பதில்லை. மழையில் நனைந்ததும் கரண்ட் சுவருக்குக் கசிகிறது.

"அதான் பியூஸ் இருக்குதுங்களே மேடம்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. பியூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான், ஆளை அல்ல. 5 ஆம்பியர் பியூஸ் போக 5000 மில்லியாம்பியருக்கு மேல் பாய வேண்டும். மனித உடம்புக்கு 30 மில்லியாம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. ஆள் துடித்தாலும் பியூஸ் அப்படியேதான் இருக்கும். (பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பி சுற்றிவைக்கும் வீட்டுக்காரர்களைப் பற்றித் தனியாக ஒரு இதழே போடலாம்!)

ஆளைக் காப்பாற்ற வேறு கருவி இருக்கிறது. கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேளுங்கள். பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். வீட்டுக்குள் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் வழிதவறினால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். வாங்கும்போது 30 மில்லியாம்பியர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கம்பெனியைப் பொறுத்து இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து மெயின் பக்கத்தில் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு மழை நாளில் அடிக்கடி விழுந்தால், "கருவி சரியில்லை" என்று அதைத் தவிர்த்து நேராக இணைத்துவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது, அந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள்.

கட்டுத்தறிக்கும் வெளி பாத்ரூமுக்கும் டேப் சுற்றிய ஒயரை இழுத்து பல்பு தொங்கவிடுவதும் வேண்டாம். ஒயருக்குக் குழாய் போடுங்கள், ஸ்விட்ச் நனையாத இடத்தில் இருக்கட்டும். துணி காயப்போடும் கம்பியை மின்கம்பத்திலோ அதன் ஸ்டே கம்பியிலோ கட்டவே கூடாது.

கரண்ட் போகும் இரவுக்கு சார்ஜ் பல்பு ஒன்று போதும். மெழுகுவர்த்தியோ மண்ணெண்ணெய் விளக்கோ என்றால் கொசுவலை, நூல், பாவு பக்கம் வைக்காதீர்கள். எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய்த் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

அந்தக் கூட்டத்திலேயே மூன்று வீட்டுக்கும் உள்கடன் கொடுக்கத் தீர்மான நோட்டில் எழுதினோம். வயர்மேன் வந்து பார்த்தபோது அக்கா வீட்டில் தறிக்கு மேலேயே ஒயர் இரண்டு இடத்தில் செம்பு தெரியக் கிடந்தது. இப்போது மாதக் கூட்டத்தன்று சந்தா கட்டக் கிளம்பும் முன் கருவியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கிறார். டக்கென்று விழுந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். விழாவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.