எமரால்டில் படமெடுக்கத் தொடங்கும் இளம் கலைஞருக்கு: டி300, டி700 குறித்து

நிக்கான் டி300 அறிவிக்கப்பட்டது 2007 ஆகஸ்டில். டி700 வந்தது 2008 ஜூலையில். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். மெக்னீசியக் கலவையாலான உடல், இஎன்-இஎல்3இ பேட்டரி, காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு, 51 ஃபோகஸ் புள்ளிகள், 1/8000 நொடி வரை ஓடும் ஷட்டர், 12 மெகாபிக்சல் என எல்லாம் இரண்டுக்கும் பொது. இரண்டும் தயாரிப்பிலிருந்து நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய கேமரா விற்கும் கடையின் கண்ணாடி அலமாரியில் இவை அருகருகே இருக்கும்போது, கையில் கொஞ்சம் பணத்துடன் நீலகிரியின் எமரால்டிலிருந்து வந்து நிற்கும் இளம் கலைஞருக்கு எதை எடுப்பது என்ற குழப்பம் வருவது இயல்பு. விலைச்சீட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்க்காது. எமரால்டைச் சுற்றி அவர் எதைப் படமெடுக்கப் போகிறார், அதை எவ்வளவு நெருங்க முடியும் என்பதுதான் தீர்க்கும்.

இரண்டு கேமராக்களுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றே: சென்சாரின் அளவு. டி700இன் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது, பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவு. இதையே ஃபுல் ஃப்ரேம் என்கிறார்கள். நிக்கானின் முதன்மைக் கேமராவான டி3இல் இருந்த அதே சென்சார்தான் இது. டி300இன் சென்சார் ஏறக்குறைய 24க்கு 16 மி.மீ. பரப்பளவில் டி700 இரண்டேகால் மடங்குக்குச் சற்று அதிகம். ஆனால் இரண்டிலும் பிக்சல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே டி700இல் ஒவ்வொரு பிக்சலும் பெரிது. டி300இல் அவை நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. 300 மி.மீ. லென்ஸை டி300இல் மாட்டினால், ஃபுல் ஃப்ரேமில் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவு குறுகிய காட்சி கிடைக்கும். டி700இல் அதே லென்ஸ் 300 மி.மீ. லென்ஸாகவே வேலை செய்யும்.

இங்கேதான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். பெரிய சென்சார் இருட்டில் நன்றாக எடுக்கும், சோலைக்காடு இருட்டு, ஆகவே காட்டுக்கு டி700 என்பது அந்தக் கணக்கு. இது பாதிதான் உண்மை. எமரால்டு அணையின் நீர்விளிம்பில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது, படமெடுப்பவர் இக்கரையில் நிற்கிறார், இடையில் நீர். 300 மி.மீ. எஃப்4 லென்ஸ் அந்தப் பறவையிடமிருந்து திரட்டித் தரும் ஒளி, பின்னால் எந்தக் கேமரா இருந்தாலும் அதே அளவுதான். டி700இன் அகன்ற சென்சாரில் பறவையைச் சுற்றி நிறைய நீரும் புல்லும் பதியும். அவற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது 5 மெகாபிக்சல். டி300இல் அதே பகுதி முழு 12 மெகாபிக்சலில் பதிகிறது. நெருங்க முடியாத பொருளுக்கு டி700இன் பெரிய சென்சார் தனியாக எந்த ஒளியையும் சேர்த்துத் தருவதில்லை. டி300 நுணுக்கத்தைக் கூட்டித் தருகிறது.

நெருங்க முடிந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். நீலகிரி சிரிப்பான் ஊட்டி, குன்னூர் பக்கமெல்லாம் வீட்டுத் தோட்டத்து வேலிக்கும் கழிவுக்காய் கொட்டும் மூலைக்கும் வரக்கூடிய பறவை. 9 மீட்டர் தொலைவில் அது டி300இன் சட்டத்தை நிரப்புகிறது என்று வைத்துக்கொண்டால், அதே லென்ஸோடு டி700இன் சட்டத்தை நிரப்ப 6 மீட்டருக்கு வர வேண்டும். அந்த 3 மீட்டரைக் கடந்தவருக்கு, பறவையிடமிருந்து வரும் ஒளி இரண்டு மடங்குக்கு மேல் சென்சாரில் விழுகிறது. ஐஎஸ்ஓ 3200இல் டி300 கழுத்து இறகுகளைச் சேறுபோலக் குழப்பும் இடத்தில் டி700 அவற்றைத் தனித்தனியாகக் காட்டும். வேலிக்குப் பின்னே ஒரு சாக்குத் திரையைக் கட்டி, காலை முதல் அசையாமல் உட்கார்ந்து அந்த 3 மீட்டரைச் சம்பாதிக்கும் பொறுமை உள்ளவருக்கு டி700 ஏற்றது. அந்தப் பொறுமை கேமராவின் விலையில் சேராதது; அதை வேறு எதைக் கொண்டும் ஈடுகட்டவும் முடியாது.

சோலைக்குள் இரண்டுக்கும் சோதனை கடுமை. குட்டையான மரங்கள், பாசி மூடிய கிளைகள், மேலே மேகம். அடித்தளப் புதரில் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் உட்கார்ந்திருக்கும் இடத்தில், மூடுபனி நாளில் ஐஎஸ்ஓ 3200, எஃப்4 வைத்தாலும் 1/60 அல்லது 1/125 நொடிக்கு மேல் ஷட்டர் ஏறாது. டி300இல் சொல்லத்தக்க உச்சம் அந்த 3200தான். 6400 இருக்கிறது, ஆனால் அவசரத்துக்கு மட்டுமே. டி700இல் 6400 இயல்பான எல்லைக்குள்ளேயே வருகிறது, தேவைப்பட்டால் 25600 வரையும் நீட்டலாம். ஆயினும் 1/125இல் 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் எந்தக் கேமராவிலும் படம் ஆடும். ஒரு நல்ல முக்காலி இங்கே இரண்டு கேமராக்களின் வேறுபாட்டைவிடப் பெரிய வேறுபாட்டைச் செய்யும். கேமராவுக்குப் பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு ஆடும் முக்காலியோடு காட்டோரம் நிற்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

நெருங்கக் கூடாதவையும் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்குள் நிற்கும் காட்டெருமை சாதுவாகத் தெரியும். சில அடிகளுக்காக அதனிடம் பேரம் பேசக் கூடாது. முக்குருத்தி தேசியப் பூங்காவின் புல்வெளிச் சரிவுகளில் வாழும் வரையாட்டையோ, அப்புல்வெளிகளின் நீலகிரி நெட்டைக்காலியையோ தேடி அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அனுமதி பெற்றுச் செல்பவருக்கும் வழியும் தொலைவும் வனத்துறை வகுத்தவை. இவற்றுக்கெல்லாம் டி300தான் கருவி. அதன் 51 ஃபோகஸ் புள்ளிகளும் சட்டத்தின் அகலத்தில் பெரும்பகுதியை நிரப்பி நிற்பதால், சரிவில் ஓடும் விலங்கைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தபடியே தொடர முடியும். டி700இலும் அதே ஃபோகஸ் அமைப்புதான். ஆனால் சட்டம் பெரிதாகிவிட்டதால் புள்ளிகள் நடுவில் குவிந்துகிடக்கின்றன. விலங்கின் கண் ஓரத்தில் இருந்தால் நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்ப வேண்டியிருக்கும். தொடர் படங்களில் டி300 நொடிக்கு 6, டி700 நொடிக்கு 5. எம்பி-டி10 பிடியை உரிய பேட்டரியோடு மாட்டினால் இரண்டும் 8. டி300இல் 14 பிட் ராவைத் தேர்ந்தால் வேகம் நொடிக்கு இரண்டரையாக இறங்கிவிடும். ஓடும் விலங்குக்கு 12 பிட்டே போதும்.

கருவி ஒருவரின் வேலைக்கேற்ப அமைய வேண்டும் என்பதற்கு இந்தப் பக்கத்திலேயே ஒரு முன்னோடி இருந்தார். முதுமலைக் காடுகளில் பல ஆண்டுகள் படமெடுத்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுக்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயர் வைத்திருந்தார். அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அதே காலத்தில் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் 'இந்து' ஃபிலிமைத் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலையின் பெயரில்தான் இந்து நகர் இன்றும் இருக்கிறது. ஐஎஸ்ஓ 400 வேகமான ஃபிலிம் என்று கருதப்பட்ட காலம் அது. அதைவிட 16 மடங்கு உணர்திறனை டி700 சாதாரணமாகத் தருகிறது. அதன் உயர் ஐஎஸ்ஓ படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் அதன் இரைச்சல் ஃபிலிமின் மணிபோல் அமைகிறது; மூடுபனி, பாசி, ஈரப்பாறை ஆகியவற்றுக்கு அது அழகாகவே பொருந்தும்.

வருமானத்துக்கான வேலை வேறு திசையில் இழுக்கும். எமரால்டைச் சுற்றிய படகர் ஹட்டிகளின் (ஊர்களின்) கல்யாணம், ஈமச்சடங்கு, டிசம்பர்–ஜனவரியில் வரும் ஹெத்தை அம்மன் திருவிழா ஆகியவை இளம் கலைஞருக்கு முதல் கூலியைத் தரக்கூடியவை. இங்கே மனிதர்கள் அருகில் நிற்பார்கள், நெருங்கத் தடையில்லை. வீட்டு முற்றத்துக் குழல்விளக்கு, மாலை இருட்டு, அடுப்பின் சிவந்த ஒளி எல்லாம் டி700இன் நிலம். 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ் ஒன்றும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றும் போதும். கூடியிருப்போரை ஒரே அறைக்குள் எடுக்கும்போது, டி300இல் 35 மி.மீ. லென்ஸ் முதுகைச் சுவரில் மோத வைக்கும். வெள்ளைச் சேலையும் வெள்ளை முண்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாக ஒரு கூட்டமே வட்டமாக ஆடும்போது, இரண்டு கேமராக்களின் மீட்டரும் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். அதைத் தடுக்க முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டி வைக்க வேண்டும். மூடுபனியிலும் அதே திருத்தம். திருவிழாவில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆல்பத்துக்கு 12 மெகாபிக்சல் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் இரண்டு கேமராக்களும் ஏறக்குறைய 14க்கு 9 அங்குலம் தரும். 12க்கு 18 பக்கத்துக்கு அதை நீட்டினாலும் குறை தெரியாது. 12க்கு 36 விரிப்பு முழுவதும் ஒரே படத்தைப் பரப்பினால்தான் மெலிவு தெரியும். பெரிய குறை வேறு: இரண்டிலும் வீடியோ கிடையாது. கல்யாண வேலைக்கு வீடியோவும் கேட்கப்படும் என்றால், அதற்கு வேறு கேமராவோ வேறு ஆளோ தேவை. இதை வேலை ஒப்புக்கொள்ளும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

எமரால்டின் நிலக்காட்சிக்கு, அதாவது அணை நீர், கேரட், முட்டைக்கோஸ் விளையும் படிவயல்கள், தேயிலைச் சரிவு ஆகியவற்றுக்கு டி700 அகலம் தருகிறது. 20, 24 மி.மீ. பழைய லென்ஸ்கள் தம் முழு அகலத்தில் வேலை செய்யும். நல்ல வெளிச்சத்தில் முக்காலியின் மேல் ஐஎஸ்ஓ 200இல் எடுத்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாட்டைச் சொல்வது எளிதல்ல. டி300இன் வியூஃபைண்டர் சட்டத்தை 100 விழுக்காடு காட்டும், டி700இல் 95தான். ஓரத்தில் ஒரு மின்கம்பி நுழைந்துவிட்டதைப் பின்னர் அறிந்து வருந்தாமல் இருக்க டி300 உதவுகிறது.

லென்ஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இரண்டு கேமராக்களிலும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை ஓட்டும் மோட்டார் உள்ளது. கைமுறை லென்ஸ்கள் ஒன்பதின் விவரங்களைப் பதிந்துவைத்து மீட்டரையும் பயன்படுத்தலாம். ஆனால் பின்னர் வந்த ஏஎஃப்-பி லென்ஸ்கள் இரண்டிலும் வேலை செய்யாது. இன்னும் திசை முடிவாகாத ஒருவர் டி300ஐ வாங்கி, மிச்சப் பணத்தை ஃபுல் ஃப்ரேம் வட்டம் நிரப்பும் லென்ஸ்களில் போடுவதே மேல். பிறகு டி700க்கு மாறினாலும் அந்த லென்ஸ்கள் கூடவே வரும். டி300க்கென்றே சிறிய சென்சாருக்கான டிஎக்ஸ் லென்ஸ்களைச் சேர்த்தவர் மாறும் நாளில் எல்லாவற்றையும் விற்க நேரும். பறவைக்கு 300 மி.மீ. எஃப்4, அதற்குப் பணம் போதாதென்றால் 70–300 விஆர். இந்த முடிவை எடுக்கத் தயங்கி கேமராவை மட்டும் உயர்த்துவது வீண் செலவு.

எமரால்டின் மழைதான் கருவிகளுக்குப் பெரும் எதிரி. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் பக்கம் இது; 2019 ஆகஸ்டு 9ஆம் தேதி முடிந்த 24 மணி நேரத்தில் பக்கத்து அவலாஞ்சியில் 911 மி.மீ. மழை பெய்தது. இரண்டு கேமராக்களின் இணைப்புகளிலும் ரப்பர் வளையங்கள் உண்டு, ஆனால் பதினைந்து ஆண்டுக்கு மேல் பழகிய ரப்பர் இறுகியிருக்கும். அந்த வளையங்களை நம்பி மழையில் நிற்பதைவிட ஒரு பிளாஸ்டிக் உறை பாதுகாப்பானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை லென்ஸைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்தால் உள்ளே ஃபங்கஸ் படரும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்திப் போட வேண்டும். உறைபனிக் காலைகளில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரியைச் சட்டையின் உட்பையில் உடலோடு ஒட்டி வைத்திருந்தால் சூடு காக்கும். குளிரிலிருந்து அடுப்பு எரியும் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் திறக்கக் கூடாது. கேமரா அறையின் வெப்பத்துக்கு வரும் வரை பைக்குள்ளேயே இருந்தால், ஈரம் பையின் மேல் படியுமே தவிர சென்சாரின் மேல் படியாது.

வாங்கும் நாளில் கடைக்காரரை அவசரப்படுத்த விடாமல் சில நிமிடங்கள் செலவிட வேண்டும். ஒரு படம் எடுத்து அதன் தகவலில் ஷட்டர் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்; இரண்டுமே 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டவை, அதைத் தாண்டியதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை, விலை குறைய வேண்டும். எஃப்16 வைத்து வெளுத்த வானத்தைப் படமெடுத்து, அதில் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்க்கலாம். கார்டு நுழையும் துளைக்குள் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம். ஒன்று வளைந்தாலும் கார்டு வேலை செய்யாது. கட்டைவிரல் படும் ரப்பர் பெயர்ந்து வருவது இரண்டு கேமராக்களிலும் வழக்கமான கோளாறு. அதை ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் விலையில் கழிக்கச் சொல்லலாம். மெனுவில் பேட்டரித் தகவலைத் திறந்தால் அதன் ஆயுள் 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் பேட்டரி முடிந்துவிட்டது, புதிதுக்கான பணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.