கீழாநெல்லி மூட்டைக்கு லேப்பில் என்ன சோதனை?



மூலிகை பறித்து விற்கும் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: "பார்த்துப் பார்த்துத்தானே பறிச்சோம், அப்புறம் எதுக்கு சாம்பிள் எடுத்து லேப்புக்கு அனுப்புறாங்க?" நியாயமான கேள்விதான்.

கீழாநெல்லி என்று நாம் பறிப்பதில் இரண்டு மூன்று ஜாதி கலந்துவிடும். அசலின் காய் வழவழப்பாக, சிறு காம்போடு இலைக்கு அடியில் தொங்கும். சிவப்புக் கீழாநெல்லியின் காய் சொரசொரப்பாக, காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். மேலாநெல்லியின் இலை நுனியில் அகன்றிருக்கும். செடியாக நிற்கும்போது பிரித்துவிடலாம். காய்ந்து நொறுங்கிவிட்டால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

உள்ளே இருப்பது ஒன்றல்ல. அசல் கீழாநெல்லியில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரண்டு பொருள்கள் நிறைய உண்டு. மற்றவற்றில் மிகக் குறைவு, அல்லது இல்லை. லேப்பில் தேடுவது இந்த இரண்டைத்தான்.

எப்படித் தேடுகிறார்கள்? நம் தூளைச் சாராயம் போன்ற திரவத்தில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். வெள்ளை மாவு பூசிய தகட்டின் அடியில் அந்தச் சாற்றில் ஒரு பொட்டு வைப்பார்கள். பக்கத்திலேயே சுத்தமான ஃபில்லாந்தினில் ஒரு பொட்டு. தகட்டின் அடி மட்டும் நனைகிற மாதிரி ஒரு கரைசலில் நிறுத்துவார்கள். சேலை ஓரம் நனைந்தால் ஈரம் மேலே ஏறுமே, அப்படிக் கரைசல் ஏறும். சாற்றில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு உயரத்தில் நின்றுவிடும். பிறகு மருந்து தெளித்துச் சூடாக்கினால் நிறம் நிறமாகப் பொட்டுகள் தெரியும். ஃபில்லாந்தின் நின்ற உயரத்தில், அதே நிறத்தில் நம் சாற்றிலும் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு டி.எல்.சி. என்று பெயர். எவ்வளவு இருக்கிறது என்று அளக்க எச்.பி.எல்.சி. என்ற மெஷின் வேண்டும்.

1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மஞ்சள் காமாலை 'பி' கிருமி உடம்பில் தங்கிவிட்ட 37 பேருக்குக் கீழாநெல்லித் தூளை 30 நாள் கொடுத்ததில், 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. பிற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. செடியும் மண்ணும் மாறியது காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. (காமாலை வந்தால் டாக்டரிடம்தான் போகணும், தோழிகளே.)

ஒருத்தர் கட்டில் வேறு ஜாதி கலந்தாலும் குழுவின் மூட்டை முழுக்கத் திரும்பிவிடும். அதனால் காய் பிடித்த செடியாகப் பார்த்துப் பறியுங்கள். இந்தப் பொருள்கள் தண்டைவிட இலையில்தான் அதிகம். இலை உதிராமல் நிழலில் காயப்போடுங்கள். ஊர்வாரியாகத் தனி மூட்டை கட்டுங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்து, தேதி எழுதி, குழு பீரோவில் வையுங்கள். லேப் முடிவில் சந்தேகம் வந்தால் மறுசோதனைக்குக் கொடுக்க அதுதான் கையில் இருக்கும்.